நெஞ்சாங்குலையும் இருபத்தைந்து எழுத்தும்

 

"நன்றாகத்தான் இருந்தான். இரவுப் பணி முடித்து வந்தான். மாடிப்படி ஏறினான். விழுந்தான், எழவில்லை." இந்தச் சொற்களைக் கேளாத தெரு தொழிற்பேட்டையைச் சுற்றி ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. இறந்தவனுக்கு முப்பது அகவை நிரம்பியிராது. அவன் குடித்தவன் அல்லன், புகைத்தவனும் அல்லன். இழவு வீட்டில் கூடியவர்கள் மாரடைப்பு என்பார்கள். சிலர் கண்ணேறு என்பார்கள். எவனோ ஏவல் வைத்துவிட்டான் என்று தாழ்ந்த குரலில் சொல்வாரும் உண்டு. பதினாறாம் நாளோடு எல்லாம் முடிகிறது. பதினேழாம் நாள் இறந்தவனின் தம்பி, அண்ணன் ஓட்டிய அதே மிதிவண்டியில் ஏறி ஆலைக்குப் போகிறான். "உன் நெஞ்சை ஒருமுறை மருத்துவரிடம் காட்டினாயா?" என்று அவனை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எவர்க்கும் தோன்றுவதுமில்லை. இவ்வுரை அந்தத் தம்பியைப் பற்றியது.

மாரடைப்பு என்னும் சொல் எல்லா நெஞ்சு நோயையும் மூடும் போர்வையாகிவிட்டது. குருதிக் குழாயிற் கொழுப்படைத்து, நெஞ்சாங்குலைத் தசைக்குக் குருதி செல்லாமல் நிற்பதே மாரடைப்பு. குழாய்களெல்லாம் தூயனவாய் இருக்க, தசைச்சுவரே அளவுக்கு மீறித் தடித்துப்போவது வேறு நோய். தடித்த சுவர் விறைக்கும், உள்ளறை குறுகும், தசைநார்கள் வரிசை கலைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலூடே ஓடும் மின்துடிப்பு வழிதவறுமாயின் சில மணித்துளிகளில் உயிர் பிரியும். இலண்டனைச் சேர்ந்த நோய்க்கூற்று மருத்துவர் தொனால்டு தீர் என்பார், திடீரென இறந்த இளைஞர் சிலரின் நெஞ்சாங்குலைகளை ஆய்ந்து 1958-ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற எழுதினார். 2003-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் பிரான்சு நாட்டு இலியோன் நகரில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கக் கால்பந்துத் திடலில் சாய்ந்து இறந்த கேமரூன் நாட்டு ஆட்டக்காரர் மார்க்கு விவியன் போயேவிற்கு இருந்ததும் இந்நோயே. அவர்க்கு அப்போது அகவை 28. ஓட்டத்தையே தொழிலாகக் கொண்ட உடல் அது.

இதனை நெஞ்சாங்குலைத் தசைத்தடிப்பு என்று அழைக்கலாம். ஐந்நூறு பேருக்கு ஒருவர் என்பது உலக அளவிற் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவருட் பெரும்பாலோர் ஒரு குறையுமின்றி முழு வாழ்நாளும் வாழ்கின்றனர் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். அச்சமூட்டுவது அறிவூட்டுவது ஆகாது. ஆயினும் இந்நோய் வழிவழி வருவது. தாய் தந்தையருள் ஒருவரிடம் இதற்குரிய மரபணுப் பிழை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பிழை சேர்வதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆண் பெண் வேறுபாடு அதற்கில்லை. அண்ணனிடம் இருந்தால் தம்பியிடமும் பாதி வாய்ப்பு. மிதிவண்டியில் போகும் அவனை நிறுத்திக் கேட்க வேண்டியதற்குக் கரணியம் இதுவே.

பிழை எங்கே இருக்கிறது என்பதை அறியத் தசையின் உள்ளே நுழைய வேண்டும்.

நெஞ்சாங்குலை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நூறாயிரம் முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கமும் தசையணுவின் உள்ளே நிகழும் இழுப்பு. அங்கே தடித்த இழையும் மெல்லிய இழையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தடியிழை மயோசின் என்னும் புரதத்தால் ஆனது. அதிலிருந்து கை நீட்டியது போன்ற தலைகள் பல புறப்பட்டு மெல்லிழையைப் பற்றி இழுக்கின்றன. தேர்த்திருவிழாவிற் பல்லாயிரம் கைகள் வடம் பிடிப்பதை நினைத்துக்கொள்க. ஆனால் தேர் நகர்வதற்கு வடம் பிடிப்பவர் மட்டும் போதுமா? சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நிற்பவர்களைத் திருவிழாக் கூட்டம் பார்ப்பதில்லை. தேர் ஓட வேண்டிய இடத்தில் ஓடவும், திரும்ப வேண்டிய மூலையில் திரும்பவும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் செய்வோர் அவர்களே. இழுக்கத் தெரிந்தவர் ஊரெல்லாம் உண்டு. முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர்.

நெஞ்சாங்குலைத் தசையில் அந்த முட்டுக்கட்டை போடும் புரதம் ஒன்றுண்டு. மயோசினோடு பிணைந்து நிற்பதால் மயோசின் பிணைப்புப் புரதம் என்றும், தன் வகையில் 'சி' என்னும் எழுத்தைப் பெற்றதால் மயோசின் பிணைப்புப் புரதம்-சி என்றும் அதற்குப் பெயர். அந்த 'சி' வந்த வகை சுவையானது. இங்கிலாந்தில் செரால்டு ஆபர் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1970-களின் தொடக்கத்தில் மயோசினைப் பிரித்தெடுத்து ஆய்ந்தபோது, எவ்வளவு தூய்மை செய்தாலும் அதனோடு ஒட்டிவரும் மாசுகளுக்கு எழுத்துகளால் அடையாளமிட்டனர். அம்மாசுகளுள் ஒன்றே இந்தப் புரதம். அழுக்கென்று ஒதுக்கப்பட இருந்தது, பின்னர் உயிர்நிலைக்கு இன்றியமையாதது எனத் தெரியவந்தது.

மயோசின் என்னும் பெயரையும் சற்றுப் பார்க்கலாம். கிரேக்கத்தில் 'மூசு' என்பது எலிக்கும் பெயர், தசைக்கும் பெயர். இலத்தீனத்திலும் தசைக்குச் 'சிறு எலி' என்றே பெயர் வைத்தனர். கையை மடக்கும்போது தோலின் கீழ்த் தசை புரண்டோடுவது அவர்களுக்கு எலியாகத் தெரிந்திருக்கிறது. தமிழன் காலின் பின்புறத்துத் தசையைப் பார்த்தான். நீரிற் புரளும் கெண்டை மீன் அவனுக்குத் தெரிந்தது. கெண்டைக்கால் என்றான், கெண்டைச் சதை என்றான். ஒரே பொருளை நோக்கிய இருவருள் ஒருவர் களஞ்சியத்தையும் மற்றவர் குளத்தையும் நினைந்தனர். ஆதலின் மயோசினைக் 'கெண்டையன்' என்று எவரேனும் மொழிபெயர்த்தாலும் பிழையாகாது. ஆனால் மருத்துவமனையிற் புரியாது. ஆகவே மயோசின் என்றே இருக்கட்டும். பிணைப்புப் புரதம் என்னும் பகுதி தமிழாக இருப்பதே கேட்போர்க்கு வேலையின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

இப்புரதம் 1,274 அமினோ அமிலக் கண்ணிகள் கோத்த ஒரு நீண்ட இழை. அது மடிந்து மடிந்து பதினொரு மணிகள் கோத்த மாலை போல் நிற்கிறது. கைகால் தசைகளில் உள்ள இதன் உடன்பிறப்புகளுக்குப் பத்து மணிகளே உண்டு; நெஞ்சாங்குலைக்கு உரியதற்கு மட்டும் தலைப்பக்கத்தில் ஒரு மணி கூடுதல். மாலையின் கடைசி மணிகள் தடியிழையின் உடம்போடு இறுகப் பிணைந்துள்ளன. முன்மணிகள் வெளியே நீண்டு, மயோசின் தலைகளையும் மெல்லிழையையும் தொட்டு நிற்கின்றன. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் வடம் பிடிக்காதவாறு, சில கைகளை மடக்கி ஓய்வில் வைப்பது இதன் வேலை. பின்மணி நங்கூரம், முன்மணி முட்டுக்கட்டை. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் வருவது எளிதில் விளங்கும்.

முட்டுக்கட்டை என்றவுடன் அசையாது கிடக்கும் கட்டை என்று எண்ண வேண்டா. காலை வேளையில் அம்பத்தூர்த் தொடர்வண்டி நிலையத்தின் மேம்பாலப் படியில் ஒருவர் ஏறும்போதே வண்டி வந்துவிடுகிறது. அவர் ஓடுகிறார். அந்த நொடியில் அட்ரினலின் குருதியிற் கலந்து நெஞ்சாங்குலையை அடைகிறது. அங்கே இப்புரதத்தின் முற்பகுதியில் உள்ள மூன்று குறிப்பிட்ட கண்ணிகளின் மேற் பாசுபேட்டு என்னும் சிறு மூலக்கூறு ஏற்றப்படுகிறது. உடனே புரதத்தின் பிடி தளர்கிறது. ஓய்ந்திருந்த கைகள் விடுபட்டு வடம் பிடிக்கின்றன. துடிப்பு விரைவும் வலிவும் பெறுகிறது. அவர் வண்டியில் ஏறி, கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குகையில் பாசுபேட்டு கழற்றப்பட்டு முட்டுக்கட்டை மீண்டும் விழுகிறது. இந்தப் பாசுபேட்டு ஏற்றத்தின் சிறப்பை எலிகளில் ஆய்ந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டவருள் முதன்மையானவர் சக்திவேல் சடையப்பன் என்னும் தமிழர். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குச் சென்றவர்.

முட்டுக்கட்டை போடுவோர் குறைந்தால் என்ன ஆகும்? தேவைக்கு மேற்பட்ட கைகள் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். எரிபொருள் வீணாகும். சுருங்கத் தெரிந்த தசைக்குத் தளரத் தெரியாமற் போகும். ஓயாது மிகை உழைப்பில் நிற்கும் தசை ஆண்டுகள் செல்லச் செல்லத் தடிக்கும். நெஞ்சாங்குலைத் தசைத்தடிப்பு வழிவழி வரும் குடும்பங்களில் மரபணுப் பிழை மிகுதியாகக் காணப்படும் இடம் இப்புரதத்தின் மரபணுவே என்பது உலகெங்கும் நிறுவப்பட்டுவிட்டது. 1995-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுவினர் ஒரே காலத்தில் இதனைக் கண்டறிந்தனர். மாந்தர்க்கு மட்டுமன்று, மெயின் கூன் என்னும் அமெரிக்கப் பூனை இனத்திலும் இதே மரபணுவின் பிழையால் இதே நோய் வருவதை 2005-இற் கண்டனர். கொழுகொழுவென்று வளர்க்கப்படும் அப்பூனைகளும் திடீரென்று சாய்ந்து இறக்கின்றன.

இனி மரபணுவிற்கு வரலாம். ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழர்க்கு இது புதிய செய்தியே அன்று.

மாந்தனின் மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் ஆனது; முந்நூறு கோடி எழுத்து நீளமுள்ளது; 23 இணைக் குரோமோசோம்களாகக் கட்டுக் கட்டாய் வைக்கப்பட்டுள்ளது. பதினோராம் கட்டில் இந்தப் பிணைப்புப் புரதத்திற்குரிய பாடம் இருக்கிறது. ஏறத்தாழ 21,000 எழுத்து. ஆனால் 1,274 கண்ணிக்கு, கண்ணிக்கு மூன்றெழுத்தாக, நாலாயிரத்திற்கும் குறைவான எழுத்துகளே போதும். மிச்சம் என்ன? இடைச்செருகல்! மூலபாடம் 35 துண்டுகளாகப் பிரிந்து கிடக்க, இடையிடையே புரதத்திற்குத் தொடர்பில்லாத நீண்ட பகுதிகள் செருகப்பட்டுள்ளன. பழைய சுவடியைப் பதிப்பிக்கும் புலவர் செருகற் பாட்டை இனங்கண்டு நீக்கி மூலத்தைத் தொடுப்பது போல, தசையணுவும் முதலில் எல்லாவற்றையும் படியெடுத்து, பின்னர்ச் செருகல்களை வெட்டியெறிந்து, மூலத்துண்டுகளை ஒட்டிக்கொள்கிறது. செருகல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அதற்கான குறிகள் உண்டு. அக்குறியைப் பார்த்தே வெட்டு விழும்.

32-ஆம் மூலத்துண்டிற்கும் 33-ஆம் துண்டிற்கும் இடையே உள்ள செருகலில், சிலரிடம் 25 எழுத்துகள் இல்லை. செருகலில்தானே இல்லை, என்ன கேடு என்று தோன்றும். இல்லாமற்போன எழுத்துகளோடு வெட்டுக்குறியின் ஒரு பகுதியும் போய்விட்டது. குறி காணாத படியெழுத்தாளன் செருகலோடு சேர்த்து 33-ஆம் மூலத்துண்டையும் வெட்டி எறிந்துவிடுகிறான். அதன்பின் வரும் எழுத்துகள் மூன்று மூன்றாகச் சேரும் முறை பிறழ்கிறது. சீர் பிறழ்ந்த பாட்டுப் போல, எழுத்தெல்லாம் இருந்தும் பொருள் வேறாகிறது. புரதத்தின் இறுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட கண்ணிகள் மாறிப்போகின்றன. மாறுவது எந்த மணி? கடைசி மணி. தடியிழையைப் பற்றி நிற்கும் நங்கூர மணி.

இந்த 25 எழுத்துக் குறைபாட்டை முதலில் இந்தியக் குடும்பங்களில், செருமானிய ஆய்வரும் இந்திய ஆய்வரும் சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் எழுதினர். ஏதோ இரண்டொரு குடும்பத்துச் செய்தி என்றே அப்போது கருதப்பட்டது. பெருஞ்செய்தி 2009-இல் வந்தது. மதுரையில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி, முன்னர்க் குறித்த சக்திவேல் சடையப்பன், ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் நடுவத்தின் குமாரசாமி தங்கராசு ஆகியோரும் பல நாட்டு அறிஞரும் சேர்ந்து 'நேச்சர் செனடிக்சு' இதழில் அதனை வெளியிட்டனர். நெஞ்சாங்குலைத் தசைநோயாளர் 800 பேரையும், நோயற்றார் 699 பேரையும் ஒப்பிட்டனர். குறைபாடு நோயாளரிடம் ஐந்து முதல் ஏழு மடங்கு மிகுதியாக இருந்தது. பின்னர் இந்தியாவெங்கும் 107 மக்கட்பிரிவுகளைச் சேர்ந்த 6,273 பேரிடம் தேடினர். நூற்றுக்கு நால்வரிடம் இருந்தது!

இருபத்தைந்து பேருக்கு ஒருவர். நூறு பேர் நெருக்கி நிற்கும் ஒரு தொடர்வண்டிப் பெட்டியில் நால்வர். இது நாடு முழுமைக்குமான கணக்கு. ஊருக்கு ஊர், பிரிவுக்குப் பிரிவு ஏறும், இறங்கும். எனினும் அரிய நோய் என்று மருத்துவ நூல்கள் எழுதிவந்த ஒன்றின் வேர் இவ்வளவு பரவலாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்த்திலர். பாக்கித்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இது காணப்பட்டது. உலகின் பிற பகுதிகளில் காணப்படவில்லை. ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் தோன்றிய பிழை வழிவழிப் பெருகியிருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தனர். இவ்வளவு காலம் அது அழியாமல் இருந்தது எப்படி? இளமையில் கொல்வது மிகச் சிலரையே. நோய் தோன்றுவார்க்கும் பெரும்பாலும் நடு அகவைக்குப் பிறகே தோன்றும். அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றனர். ஏடு அடுத்த தலைமுறைக்குப் படியெடுக்கப்பட்டுவிடுகிறது.

முப்பத்து மூவாயிரம் ஆண்டு என்றவுடன் இனப்பழமை பேச எழுவார் சிலர் எல்லா இயக்கத்திலும் உண்டு. அவர்கள் சற்று அமர்க. இந்த எழுத்துக் குறைபாடு தமிழ் பேசுவோரிடமும் உண்டு, வடமொழி வழிப்பட்ட மொழி பேசுவோரிடமும் உண்டு. மேற்சாதி என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரிடமும் உண்டு, அவரால் ஒதுக்கப்பட்டோரிடமும் உண்டு. மலைவாழ் மக்கள் பலரிடமும் உண்டு. அக்குடிகளுக்கெல்லாம் எங்கோ ஒரு பொது முன்னோர் இருந்தார் என்பதை அது காட்டுகிறது. குலத்தின் பெயரால் ஒருவரையொருவர் தொடாதிருந்தவர்களின் நெஞ்சுக்குள்ளே ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

2009-இல் இச்செய்தி நாளிதழ்களில் வந்தபோது "கோடிக்கணக்கான இந்தியர்க்கு நெஞ்சு நோய் உறுதி" என்னும் பொருள்படப் பலர் பேசினர். அது முழு உண்மை அன்று. ஆய்வு அங்கே நிற்கவும் இல்லை. நூற்றுக்கு நால்வரிடம் குறைபாடு இருக்க, ஐந்நூறு பேருக்கு ஒருவர்க்கே தசைத்தடிப்பு இருக்குமாயின், குறைபாடுடையார் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர் என்பது கூட்டல் கழித்தல் அறிந்த சிறுவனுக்கும் விளங்கும். அவ்வாறாயின் சிலர்க்கு மட்டும் ஏன் நோய்?

2018-இல் சக்திவேல் சடையப்பன் குழுவினர், அமெரிக்காவில் வாழும் தெற்காசியரை ஆய்ந்தபோது, இக்குறைபாடு உடையாருள் ஒரு பகுதியினர்க்கு அதே மரபணுவில் இன்னொரு எழுத்து மாற்றமும் இருப்பதையும், அவர்களின் நெஞ்சாங்குலையே அளவுக்கு மீறிச் சுருங்குவதையும் கண்டனர். 2020-இற் பிரித்தானிய ஆய்வர் இன்னும் ஆழ்ந்து நோக்கினர். 25 எழுத்துக் குறைபாடு இருக்கும் ஏட்டிலேயே, சிலரிடம் மட்டும், வேறொரு செருகலின் நடுவே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அம்மாற்றம் செருகலின் நடுவே பொய்யான வெட்டுக்குறியை உண்டாக்கி, புரதத்தையே குறைப்படுத்திவிடுகிறது. நோய் தருவது பெரும்பாலும் அதுவே. 25 எழுத்துக் குறைபாடு தனித்திருப்பின் அவ்வளவு கேடு செய்வதில்லை என்பது அவர்கள் முடிவு. திருடன் ஏறிவந்த வண்டியில் உடன் வந்தவனைத் திருடன் என்று பிடித்தது போன்றது முதற்செய்தி. ஆனால் அந்த வண்டியைப் பின்தொடர்ந்ததால்தான் திருடன் அகப்பட்டான் என்பதையும் மறக்கலாகாது. மதுரை ஆய்வு இல்லையேல் இலண்டனில் ஒருவரும் இந்த ஏட்டைப் புரட்டியிரார்.

ஆகவே, வீதியிற் செல்லும் எல்லாரும் இந்த 25 எழுத்து தமக்கு உண்டா இல்லையா என்று குருதி கொடுத்து ஆய்வதில் பயனில்லை. அதைக் காட்டிப் பணம் பறிக்க எவரேனும் கடை விரித்தால் ஒதுங்குக. ஆய வேண்டியவர்கள், குடும்பத்தில் இந்நோயோ இளமைச் சாவோ நிகழ்ந்தவர்கள்.

தமிழ்நாட்டிற்கென்று ஒரு கூறு இதில் உண்டு. அது கொண்டு கொடுக்கும் முறை. அத்தை மகளும் மாமன் மகனும் உரிமை என்றும், அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது முறை என்றும் வழங்கிவரும் நாடு இது. சொத்துப் பிரியாது, பெண் கண்காணாத் தொலைவிற்குப் போகாள் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட கரணியங்கள். அவற்றின் நன்மை தீமை இங்குப் பேசப்படவில்லை. கணக்கு மட்டும் பேசப்படுகிறது. ஒருவனிடம் ஒரு மரபணுப் பிழை இருக்கிறது என்று கொள்க. அவன் மணக்கும் பெண் உறவல்லாதவளாயின், அவளிடமும் அதே பிழை இருக்கும் வாய்ப்பு அப்பிழை பொதுமக்களிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே. மிக அரிய பிழையாயின் ஏறக்குறைய இல்லை எனலாம். மாமன் மகளாயின் எட்டில் ஒன்று. அக்காள் மகளாயின் நாலில் ஒன்று. இருவரிடமும் பிழை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஏடும் பிழைபட்டதாய் அமைய நாலில் ஒன்று வாய்ப்பு. ஓர் ஏடு பிழையாயின் மற்ற ஏடு ஓரளவு காக்கும். புரதத்தையே இல்லாமற் செய்யும் கடும்பிழை இரண்டு ஏட்டிலும் அமைந்துவிட்டால் பிள்ளைக்கு நெஞ்சாங்குலை பிறந்த சில திங்களிலேயே தளர்ந்துபோகிறது. "அந்த வீட்டிற் பிள்ளை தங்குவதில்லை" என்று ஊரார் சொல்லும் வீடுகளிற் சிலவற்றில் மருமகளைப் பழிப்பார்கள். அவள் கொண்டுவந்தது பாதி. மற்றப் பாதி அந்த வீட்டிலேயே இருந்தது.

பிழைபட்ட எழுத்தைத் திருத்த முடியாதா என்னும் கேள்வி எழும். 2017-ஆம் ஆண்டு ஆகத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆய்வர் மித்தாலிப்போவும் அவர் குழுவினரும் மாந்தக் கருமுளையில் ஒரு நோய்ப்பிழையைத் திருத்தியதாக உலகறியச் சொன்னபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது இந்தப் பிணைப்புப் புரதத்தின் மரபணுவையே. நான்கு எழுத்து விடுபட்ட ஒரு தந்தையின் பிழை அது. 58 கருமுளைகளில் 42 பிழையின்றி அமைந்தன என்றனர். அம்முளைகள் எந்தத் தாயின் வயிற்றிலும் வைக்கப்படவில்லை. அவர்கள் சொன்னபடியே திருத்தம் நிகழ்ந்ததா என்று பிற அறிஞர் வினா எழுப்பியதும் உண்டு. மற்றொரு பக்கம், நல்ல பாடத்தைத் தீங்கற்ற நுண்மியில் ஏற்றி நெஞ்சாங்குலைக்கு அனுப்பும் பண்டுவம் 2023 முதல் அமெரிக்காவில் நோயாளர் சிலரிடம் ஆய்வு நிலையில் நடைபெறுகிறது. மயோசின் தலைகளின் மிகை இழுப்பைக் குறைக்கும் மாவகாம்டென் என்னும் மருந்திற்கு 2022-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. முட்டுக்கட்டை தளர்ந்த தேருக்கு மருந்தாலே முட்டுக்கொடுக்கும் வேலை அது. விலையோ தொழிலாளியின் கைக்கு எட்டாதது.

ஆனால் தம்பிக்கு இவையெல்லாம் முதலில் தேவையில்லை. அவனுக்குத் தேவை இரண்டு ஆய்வுகள். ஒன்று நெஞ்சாங்குலையின் மின்துடிப்பை வரைந்து காட்டும் மின்வரைவு. மற்றது ஒலியலை செலுத்திச் சுவரின் தடிப்பை அளந்து காட்டும் ஒலிவரைவு. மருத்துவமனைச் சாளரத்தில் ஈசிஜி, எக்கோ என்று கேட்டால்தான் சீட்டுக் கொடுப்பர். ஆதலின் அச்சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்க. ஊசி இல்லை, வலி இல்லை. சுவர் தடித்திருப்பது தெரிந்தால், துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்துகள் நெடுங்காலமாகவே உள்ளன, விலையும் குறைவு. இடர் மிகுதி என்று மருத்துவர் கருதுவார்க்கு, துடிப்புப் பிறழும்போது தானே மின்னதிர்வு தந்து மீட்கும் சிறு கருவியைத் தோலின் கீழ் வைக்கின்றனர். தடிப்பு இல்லை என்று வந்தாலும் ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடலாகாது. வளரும் பிள்ளைகளுக்கு ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறையும், வளர்ந்தோர்க்கு மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் பார்க்க வேண்டும். ஓடும்போதோ சுமை தூக்கும்போதோ மயங்கி விழுந்தவர், காரணமின்றி நெஞ்சு படபடப்பவர், படியேற மூச்சுத் திணறும் இளைஞர் ஆகியோர் காத்திருக்கலாகாது. "வெயிலில் மயங்கிவிட்டான், மோர் கொடு" என்பதோடு முடித்துவிடும் வழக்கம் ஆலைகளில் உண்டு. மோர் கொடுக்கட்டும், மறுநாள் மின்வரைவும் எடுக்கட்டும்.

இதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் காப்பீடு உடையார்க்கு அயனாவரம் மருத்துவமனை உண்டு. அது இல்லாதார்க்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. நெஞ்சாங்குலைப் பண்டுவத்திற்கென்றே பெயர்பெற்ற மருத்துவமனைகள் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரிலேயே உள்ளன. போகும்போது கையில் ஒரு தாள் கொண்டு செல்க. தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு, நாற்பது அகவைக்குள் திடீரென்று இறந்தவர் யார் யார், எந்த அகவையில், என்ன செய்துகொண்டிருக்கையில் இறந்தார், அவர்தம் தாய் தந்தையர் உறவுக்குள் மணந்தவரா என்பவற்றை அதில் எழுதுக. இவற்றை இளையோர் அறியார், பாட்டியரே அறிவர். இந்த அவையிலேயே அத்தகைய பாட்டியர் பலர் அமர்ந்திருக்கின்றனர். வீடு திரும்பியதும் அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.